கோரைக்கு உப்புப் போட்ட மனுஷன்

என் அருமை ஞானாக்கா,

மண்ணுக்குள் படுத்திருக்கிற உனக்கு மண்ணுக்கு மேலே நடக்கிற கூத்தையெல்லாம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாதா கோயில் பத்திரிகைக்காரர் உன் நினைவுக்கென்று இடம் ஒதுக்கித் தருகிறேன் என்றார். ஊரே படிக்கும், பார்த்து எழுதம்மா என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஊர் படிக்கட்டும். நான் ஊருக்கு எழுதவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

உன் முதல் வருஷப் பூசை போன ஞாயிறு முடிந்தது. பூசை முடிந்ததும் ஆம்பிளைகள் ஒவ்வொருத்தராக எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர், நீ பொறுமையின் சிகரம் என்றார். இன்னொருவர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத உத்தமி என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். கத்தரிச்செடியில் புழுவைக் கண்டால் கட்டைவிரல் நகத்தால் நசுக்கிவிட்டு, "செத்தியா, சனியனே" என்று அதனிடமே கேட்பாயே, அந்த உன்னையா சொன்னார்கள்? இலைக்கடியில் அப்பியிருக்கிற அசுவினிப் பூச்சியைப் பார்த்து, "வேலையும் இல்ல, வெட்டியும் இல்ல, பெத்துப் போடறது ஒண்ணுதான் தெரியும் இதுங்களுக்கு" என்று காறித் துப்புவாயே, அந்த உன்னையா?

பேசினவர்களில் ஒருத்தராவது நம் தோட்டத்தில் கால் வைத்ததுண்டா? எல்லாரும் உன் கத்தரிக்காயை வாரம் தவறாமல் வாங்கித் தின்றவர்கள். சொத்தை இல்லாத காய் தானாகவே காய்த்துத் தொங்குகிறது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் வீட்டுக்காரர் சவரி மாமா மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூலையில் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

என்னைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நான் வெறும் ஓர்ப்படியாள்தானே. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் குடுமிப்பிடிச் சண்டை போடுவதுதான் உலக வழக்கம் என்று எல்லாருக்கும் ஒரு எண்ணம். நமக்கு அதற்கு ஏது நேரம்? திருவொற்றியூர் மணலில் குத்தகைக்குப் பிடித்த அந்தத் துண்டு நிலத்தில் சண்டை போட நமக்கு வேறு ஆட்கள் நிறைய இருந்தார்கள். சிலருக்கு ஆறு கால், சிலருக்குக் காலே இல்லை, சிலருக்கு வேர்.

உன்னிடம் எனக்குப் பிடித்ததே அந்த இளக்காரம்தான், அக்கா. மற்றவர்கள் பூச்சியைக் கண்டால் பயப்படுவார்கள், இல்லாவிட்டால் சாமி குற்றம் என்பார்கள். நீ மதிக்கவே மாட்டாய். பூசணிக்கொடியில் சிவப்பு வண்டு வந்தால் பனி காயும் முன்னே அடுப்புச் சாம்பலை வாரித் தூவிவிட்டு, "துன்னு பாக்கலாம்" என்பாய். அசுவினிக்குப் புகையிலையை ஊற வைத்துச் சவுக்காரம் கரைத்துத் தெளிப்பாய். கத்தரியில் நுனிக்குருத்து தலை சாய்ந்து தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். புழு துளைத்த ஓட்டைக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு ஒடித்து, கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியில் போடுவாய். எருக்குழியில் போட்டால் அதிலேயே கூடு கட்டித் திரும்பி வரும் என்று வேலைக்கு வரும் முனியம்மாவை எத்தனை முறை திட்டியிருப்பாய்!

கத்தரிக்கு இன்னொரு நோய் வருமே, இலையெல்லாம் சிறுத்து, செடி மட்டும் புதராக அடர்ந்து, பச்சைப்பசேல் என்று நிற்கும். பூக்காது, காய்க்காது. பார்க்கிறவர்கள் எல்லாம் இதுதான் நல்ல செடி என்பார்கள். நீ முதலில் அதைத்தான் வேரோடு பிடுங்கி எரிப்பாய். "நல்லாத்தான் மினுக்கிகினு நிக்குது. இன்னாத்துக்கு?" என்பாய். பூசையன்று பேசின பெரிய மனிதர்களைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செடிதான் ஞாபகம் வந்தது.

சண்டைக் காலத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? அந்திப்பொழுதில் அந்துப்பூச்சியைப் பிடிக்கத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் சிம்னி விளக்கு ஏற்றி வைப்பாய். அப்போது இருட்டடிப்பு உத்தரவு வந்திருந்தது. இரும்புத் தொப்பி போட்ட ஒருத்தர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாம்மா, ஜப்பான்காரனுக்கு வயி காட்டிகினு கீறியா?"

"அவன் வந்தா ஒரு நாளு வருவான். இத்து தெனம் வருது. இத்துக்கு இன்னா பண்ணப்போற, அத்தச் சொல்லு," என்றாய்.

அவர் விளக்கை மட்டும் ஊதி அணைத்துவிட்டுப் போனார். துறைமுகத்தில் குண்டு விழும் என்று பாதி ஊர் மூட்டை கட்டியபோதும் நாம் கிளம்பவில்லை. விளக்கு இல்லாத குறைக்கு வரப்பெல்லாம் ஆமணக்கை நட்டாய். பூச்சி அந்த இலையைத்தான் தேடி வந்து முட்டை வைத்தது. இலையைத் திருப்பித் திருப்பி விரலால் தேய்த்துக்கொண்டே அந்தச் சண்டையை நாம் கடந்தோம்.

இத்தனை எதிரிகளில் நீ மதித்தது ஒன்றே ஒன்றை. கோரையை. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் உன் குரல் தணிந்துவிடும். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு இருக்கும். ஒரு கிழங்கை எடுத்தால் சரடு போல இன்னொன்றுக்கு ஓடியிருக்கும். கொத்தினால் ஒன்று பத்தாகும். அதற்கு நீ கண்டுபிடித்த வழியை நம் கடலோரத்து ஆட்கள் தவிர வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். காசிமேட்டில் கிழிந்ததென்று தூக்கிப் போட்ட நெத்திலி வலையைக் கொண்டுவந்து நாலு கழியில் இழுத்துக் கட்டினாய். பாத்தி மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி அதன் மேலே கொட்டி உலுக்கச் சொன்னாய். நம்முடையது மணல்தானே, சரசரவென்று இறங்கிவிடும். கண்ணியில் கிழங்கு மட்டும் தங்கும். கறுப்புக் கறுப்பாக, வாசனையாக.

நாட்டு மருந்துக் கடைக்காரர் அந்தக் கிழங்கை விலைக்குக் கேட்டார். நீ கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாய். "இத்த டப்பால போட்டுக் கடைல வெச்சு அயகு பாக்கணுமா? எரிப்பேன்," என்றாய். உன் வீட்டுக்காரர் சிரித்தார். "மீன் புடிக்கிற வலைல மண்ணு புடிக்கிறாளுங்க" என்று இராயபுரத்தில் தன் கருவாட்டு மண்டி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். வலையால் சலித்த பாத்தியில் கோரை தலை காட்டவில்லை என்பது அவர் கண்ணுக்குப் பட்டதே இல்லை. அவர் தோட்டத்துக்கு வந்தால்தானே.

பாதி நிலம் சலித்து முடிக்கும்போது நீ படுத்துவிட்டாய். வயிற்றில் கட்டி என்றார்கள். மீதிப் பாதியில் கோரை மறுபடி எழும்பியது. நான் ஒருத்தி கத்தரியைப் பார்ப்பேனா, உன்னைப் பார்ப்பேனா, கோரையைப் பார்ப்பேனா? வீட்டுக்கு வந்தால் நீ கேட்கிற முதல் கேள்வி, "கோரை எங்க வரைக்கும் வந்துச்சு?" என்பதுதான். நான் பொய் சொல்வேன். நீயும் நம்பமாட்டாய். அப்படியே ஒரு விடியற்காலையில் போய்விட்டாய்.

இனி நீ பார்க்காத கதை.

உன் நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் முனியம்மா தோட்டத்திலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தாள். "யக்கோவ், சீக்கிரம் வா! பெரியவரு பாத்திக்கு ஊறுகா போட்டுகினு கீறாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தால், கருவாட்டு மண்டி மாட்டுவண்டி வரப்பில் நிற்கிறது. வண்டி நிறைய பீப்பாய். சவரி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன் ஊறின உப்புத்தண்ணியை வாளி வாளியாக மொண்டு கோரை மேலே ஊற்றிக்கொண்டிருக்கிறார். கோரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கத்தரியும் இருக்கிறது. விதைக்கென்று நீ சிவப்புத் துணி கட்டி விட்டிருந்த செடி உட்பட எல்லாம் அந்தத் தண்ணியில் நிற்கிறது. நாற்றம் எண்ணூர் வரைக்கும் போயிருக்கும்.

"மாமா, இன்னா பண்றீங்க?"

"கோரைய ஒயிக்கிறேன். உப்புக்கு அடங்காதது இன்னா கீது ஒலகத்துல?"

அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதானே, அக்கா. மீன் அழுகினால் உப்பு, புழு வைத்தால் உப்பு, பல்வலிக்கு உப்பு, கண்ணேறுக்கு உப்பு. பிறந்ததிலிருந்து உப்புத்தொட்டிப் பக்கத்திலேயே வாழ்ந்த மனுஷனுக்கு, மண்ணும் ஒரு பெரிய மீன் என்று தோன்றியிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ முட்டாள்கள் தோட்டத்தைக் கெடுத்திருப்பார்கள். கருவாடு போடுகிற மாதிரி தோட்டத்தைப் போட்ட முட்டாள் நம் குடும்பத்தில்தான் பிறந்திருக்கிறார்.

ஒரு வாரத்துக்குள் கத்தரி அத்தனையும் கருகிச் சுருண்டது. ஒரு புழு இல்லை, ஒரு அசுவினி இல்லை. இருக்க இடம் வேண்டாமா அவற்றுக்கு? ஆடி பிறந்து நாலு தூறல் விழுந்தது. அந்த வெறும் பொட்டலில் முதலில் தலையை நீட்டியது யார் என்று நினைக்கிறாய்? கோரைதான். பச்சையாக, ஊசி ஊசியாக, போட்டிக்கு ஆளில்லாத திமிரோடு.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துத் தங்கவேலு வந்தான். அவனைத்தான் உனக்குத் தெரியுமே, பேச ஆரம்பித்தால் மாடுகூட எழுந்து போய்விடும். பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன டிடிடி பவுடர் எங்கோ கிடைத்திருக்கிறது. மூக்கில் துணிகூடக் கட்டாமல் வெண்டை, கத்தரி, கீரை எல்லாவற்றுக்கும் மாவு சலிக்கிற மாதிரி சலித்திருந்தான்.

"இன்னும் புகையிலைய ஊற வெச்சுகினு கீறீங்களே, யக்கா. வெள்ளக்காரன் மருந்து. ஒரு பூச்சி நிக்காது."

உண்மைதான், ஒரு பூச்சியும் நிற்கவில்லை. புழுவும் செத்தது. புழுவைத் தின்கிற சிலந்தியும் செத்தது. அசுவினியைத் தின்கிற பொறிவண்டும் செத்தது. தங்கவேலு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திருவொற்றியூர் முழுக்க நடந்தான். அடுத்த மாதம் அவன் வெண்டை இலையெல்லாம் தாமிர நிறமாக மாறியது. திருப்பிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் செம்பேன், நூல் பின்னிக்கொண்டு. அதை மட்டும் அந்தப் பவுடர் தொடவில்லை. அதைத் தின்கிற பூச்சிகளையெல்லாம் இவன்தான் ஏற்கெனவே கொன்றுவிட்டானே. கடைசியில் பானையைத் தூக்கிக்கொண்டு புகையிலைத் தண்ணி கேட்டு நம் வேலியில் வந்து நின்றான். புகையிலைக்குச் செம்பேன் சாகாது, போய் இலையைப் பறித்து எரி என்று சொன்னேன். வெள்ளைக்காரனுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளேன் என்றும் சொன்னேன். நீயாக இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பாய்.

செம்பேன் வருவதற்கு முன்னாலேயே சவரி மாமா அவன் பேச்சைக் கேட்டு ஒரு டின் பவுடர் வாங்கிவந்துவிட்டார். வண்டியிலிருந்து இறக்கினதும் நான் அதைப் பிடுங்கிக் கிணற்றடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் நின்றார், நானும் எழுந்திருக்கவில்லை. தம்பி பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? வெயில் ஏறின பிறகு போய்விட்டார். டின்னைத் தங்கவேலுவிடமே திருப்பிவிட்டேன். உன் கொழுந்தன், அதுதான் என் வீட்டுக்காரர், சாயந்திரம் வேலை விட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ம்" என்றார். அவரிடம் நீ என்ன எதிர்பார்க்கிறாய்?

ஆனால் அதற்குப் பிறகு சவரி மாமா என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"பேஜாரு புட்ச்ச மண்ணு, லூர்து. நெலத்துக்காரரு கேட்டுகினே கீறாரு, கெடங்கு கட்டணுமாம். கல்லறைத் திருநா முடிஞ்சதும் திருப்பிக் குட்த்துர்றேன்."

குத்தகை அவர் பெயரில். நான் கத்தினால் யார் கேட்பார்கள்? கிழக்கே தொழிற்சாலை மதில் ஏற்கெனவே எழும்பி நம் வரப்பில் நிழல் விழுகிறது. நம் நிலத்திலேயே கிடங்கும் எழும்பினால் உன் பேரைச் சொல்ல ஒரு கத்தரிப்பூ இருக்காது. உன் விதை ஒரு பிடி மட்டும் என் அடுக்களையில் சாம்பல் பானைக்குள் இருந்தது. அதைப் போட மண் இல்லாமல் போகப் போகிறது. நான் அவரைக் கெஞ்சவில்லை, அக்கா. அவரைப் பார்த்தாலே எனக்கு வாயில் உப்புக் கரித்தது. உன்னோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, நீ போன கையோடு உன் செடியைக் கருக்கி, உன் மண்ணையும் கைகழுவப் பார்க்கிறாரே, இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது. அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஐப்பசி மழை அன்று காலையில் கொஞ்சம் விட்டிருந்தது. எல்லாரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் சாமந்தி மாலையோடு உன்னைத் தேடி வந்தேன். தூரத்திலிருந்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. உன் மேட்டைச் சுற்றிப் பூனைகள் உட்கார்ந்திருந்தன. கூட்டமாக, ஏதோ பந்திக்கு வந்த மாதிரி. பக்கத்தில் போனால், மூக்கை அடைக்கிற அதே நாற்றம். மேடு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கருவாட்டு உப்பு. மழையில் பாதி கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

கல்லறைக் காவல்காரர் தடியை ஆட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். "இது இன்னா சுடுகாடா, மீன் மார்க்கெட்டா? ஒரே கலீஜு! அப்பால தள்ளிப் போ, நைனா!" அவருக்கு எதிரே சவரி மாமா ஒரு கோணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையில் இன்னும் உப்பு.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தோட்டத்தைத்தான் கருவாடாக்கினார், செத்த பெண்டாட்டியையும் விடவில்லையா? "மாமா, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா இல்லியா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ மேல கோரை வந்துருச்சு, லூர்து."

அப்போதுதான் பார்த்தேன். உப்புக்கு நடுவில், உன் நெஞ்சுக்கு நேராக, ஊசி ஊசியாக நாலைந்து பச்சை.

"வாராவாரம் வந்து புடுங்கறேன். அடுத்த வாரம் வந்தா மறுபடி நிக்குது. அவ பாத்தா இன்னா சொல்லுவா? கடேசி ராவுல என் கைய புட்ச்சிகினு, அந்தக் கோரைய உடாத, உடாதன்னு சொல்லிகினே இருந்தா. ஒயிச்சுர்றேன் ஞானம்னு வாக்கு குட்த்தேன். தோட்டத்துல தோத்துட்டேன். இங்கியும் தோத்துட்டேன். அங்க போய் நின்னாலே கோரை என்னியப் பாத்து சிரிக்கிற மாரி கீது. அதான் அந்த நெலமே வாணாம்னு..."

அவர் பக்கத்துக் கல்லறைத் திண்டில் அப்படியே உட்கார்ந்து, கோணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஒரு பூனை எழுந்து வந்து அந்தக் கோணியை நக்கியது. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு அழுதேன், அக்கா. நீ செத்தன்று அழுததைவிட அன்றுதான் நிறைய அழுதேன்.

இத்தனை மாதமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? வாக்குக் கொடுத்தேன், வழி தெரியவில்லை, நீ சொல்லிக் கொடு என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்க மாட்டார். மண்டியில் நாலு பேர் கைகட்டி நிற்கிறார்கள் அல்லவா, தம்பி பெண்டாட்டியிடம் போய்க் களை எடுக்கக் கேட்பாரா? கௌரவம் குறைந்துவிடும். உப்பு போட்டால் குறையாது.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "மாமா, எழுந்திருங்க. வெளிய ரோட்டோரம் வல காயப் போட்டிருப்பாங்க. கியிஞ்ச நெத்திலி வல ஒரு துண்டு வாங்கிகினு வாங்க."

அவர் ஓடினார். அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் வலைத்துண்டோடு வந்துவிட்டார். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, உன் மேட்டின் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கையாலேயே வாரி அதன் மேலே போட்டேன்.

காவல்காரர் பதறிவிட்டார். "அய்யய்யோ, பொணத்தத் தோண்றாங்கோ!"

"கோரையத் தோண்றோம். நீ போய்ப் பூனைய வெரட்டு," என்றேன்.

அங்கேயும் மணல்தான், அக்கா. சரசரவென்று இறங்கியது. முதலில் உப்பு மண்ணை ஓரமாகக் கொட்டினோம். பிறகு நல்ல மண்ணைச் சலித்துச் சலித்து உன் மேலேயே மெதுவாகத் திரும்பப் போட்டோம். கண்ணியில் கிழங்கு தங்கியது. ஒரு சின்னக் கை கொள்ளும். சவரி மாமா அதை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"இத்துக்கா அவ ராவெல்லாம் பேசிகினு கெடந்தா?" என்றார். கிழங்கை மூடிப் பிடித்துக்கொண்டு, "தோட்டத்த முச்சூடும் இப்டியே சலிக்கணுமா?" என்றார்.

"ஆமா."

"எவ்ளோ நாளாவும்?"

"நான் சலிச்சா அடுத்த ஐப்பசிக்குள்ள முடியும். நீங்களும் சேந்தா அதுக்கு அடுத்த ஐப்பசி ஆவும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நெலத்துக்காரர்கிட்ட வேற எடம் பாத்துக்கச் சொல்லிர்றேன்," என்றார். குத்தகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அக்கா. நிலம் நம் கையிலேயே இருக்கிறது.

அந்த வருஷ மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெய்தது பார், மணல் அத்தனையும் குளித்து எழுந்தது. கார்த்திகை கடைசியில் முனியம்மா ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு பூட்ச்சு, யக்கா," என்றாள். களிமண்ணாக இருந்திருந்தால் தலைமுறைக்கும் போயிருக்காது. நீ எப்போதும் திட்டுவாயே, தண்ணி நிற்காத தரித்திரம் பிடித்த மணல் என்று, அந்தத் தரித்திரம்தான் நம்மைக் காப்பாற்றியது. சலிக்காத இடத்தில் கோரைக்கு வெளிச்சம் கிடைக்காதபடி தட்டைப்பயற்றை நெருக்கி விதைத்தேன். கோரைக்கு நிழல் ஆகாது என்று நீதான் சொல்வாய். பயறு பூத்ததும் மடக்கி உழுது, மாசியில் உன் விதையிலிருந்து வந்த நாற்றை நட்டேன்.

சவரி மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். வலையை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை. கிழங்கையும் மண்ணையும் சேர்த்தே கீழே கொட்டுகிறார். கீரை நாற்றைக் களை என்று பிடுங்கி, களையைக் கீரை என்று தண்ணீர் ஊற்றினார். முனியம்மாவே வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மண்டியில் மட்டும், தோட்டம் முழுக்கத் தன் மேற்பார்வையில் நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறாராம். எனக்கு அவரைக் கண்டால் இன்றைக்கும் இளக்காரம்தான். அது மாறவில்லை, மாறும் என்று நினைக்காதே.

ஆனால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உன் வருஷப் பூசைக்கு முந்தின நாள். கத்தரி காய்க்கத் தொடங்கியிருந்தது. உன் கல்லறையில் வைக்க முதல் காயைப் பறிக்கலாம் என்று போனோம். நான் ஒரு வரிசையில், அவர் அடுத்த வரிசையில். திடீரென்று அவர் நின்றுவிட்டார். ஒரு செடியில் நுனிக்குருத்து லேசாகத் தலை சாய்ந்திருந்தது. எனக்கே கண்ணில் படவில்லை. அவர் குனிந்து, ஓட்டையைத் தேடி, அதற்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு ஒடித்தார். குருத்தைப் பிளந்து புழுவை எடுத்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினார்.

"செத்தியா, சனியனே," என்றார்.

உன் குரல், அக்கா. உன் இழுப்பு. நீ உயிரோடு இருந்தவரைக்கும் அவர் தோட்டத்தில் காலே வைத்ததில்லையே, இதை எங்கே நின்று பார்த்தார்? எப்போது கேட்டார்? வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா? உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தே என்னிடம் சொல்லாமல் போனாயா?

நான் அவரைக் கேட்கவில்லை. ஒடித்த குருத்தை எருக்குழியில் போடப் போனார். "அங்க இல்ல, சட்டில போடுங்க! எத்தினி வாட்டி சொல்றது?" என்று கத்தினேன். அவர் திரும்பி வந்து கொதிக்கிற தண்ணீரில் போட்டார். அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவரை அப்படித் திட்ட இத்தனை நாள் வீட்டில் ஆள் இல்லை அல்லவா.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், ஞானாக்கா. நம் மண்ணிலும் சரி, உன் மேலும் சரி, கோரையை நான் தலையெடுக்க விடமாட்டேன். நீ விட்டுப்போன இன்னொரு வேலையும் இருக்கிறது. அவரைத் திட்டுகிற வேலை. அதையும் ஒரு நாள்கூட நிறுத்தமாட்டேன். கோரையையும் விடமாட்டேன், அவரையும் விடமாட்டேன்.

நீ வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு உன் பின்னாலேயே வந்த,
உன் ஓர்ப்படியாள்,
லூர்து